விவா கிளாம் லிப்ஸ்டிக்: உதட்டுக்கு முழு மார்க், தானத்துக்கு ஒரு கேள்விக்குறி

என் பெட்டியில் சிவப்பு லிப்ஸ்டிக் மட்டும் பத்துப் பதினைந்து கிடக்கும். தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்தம் நெருக்கியடிக்கும் மாதங்களில் அடிவரை தேய்ந்து தீர்வது அதில் ஒன்றுதான்: மேக் கம்பெனியின் விவா கிளாம், முதல் நம்பர். திருச்சியில் மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். ஸ்ரீரங்கத்து மாடி வீட்டு நலங்கிலிருந்து பைபாஸ் ரோட்டுப் பெரிய மண்டபங்கள் வரை எல்லா வெளிச்சத்திலும் இதைப் பூசிப் பார்த்தாகிவிட்டது. என்னிடம் வகுப்புக்கு வரும் பெண்கள் இதைக் கையில் எடுத்தால் நிறத்தைப் பற்றிக் கேட்பதில்லை. "மேடம், இதோட காசு முழுசும் தானத்துக்குப் போகுதாமே, நெசமா?" என்றுதான் கேட்கிறார்கள். அதனால் இரண்டையும் எழுதிவிடுகிறேன். முதலில் உதடு, பிறகு காசு.

நிறம் நீலம் கலந்த சிவப்பு, அடியில் கொஞ்சம் பழுப்பு. வெற்றிலை போட்டு அரைமணி ஆன உதடு எப்படி இருக்கும், அந்தச் சிவப்பு. நம் ஊர் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இது அமர்ந்து உட்காருகிறது. ஆரஞ்சு அடித்த சிவப்பெல்லாம் வீடியோக்காரர் எல்.இ.டி. விளக்கைப் போட்டதும் முகத்தை விட்டுத் தனியாக மிதக்கும், பல்லும் மஞ்சளாகத் தெரியும். இதில் அந்தத் தொல்லை கிடையாது. அரக்குக் கூரைப்புடவைக்கும் சரி, மாம்பழ மஞ்சள் பட்டுக்கும் சரி, மாற்ற வேண்டியதில்லை. வெளிர் நிற ரிசப்ஷன் லெஹங்காவுக்கு மட்டும் எடுக்க மாட்டேன். அங்கே உதடு மட்டும்தான் தெரியும், பெண் தெரிய மாட்டாள்.

மேட் வகை. அதனால் காய்ந்த உதட்டில் நேராகப் பூசினால் வெடிப்பு வெடிப்பாகக் காட்டும். முகத்துக்கு ஃபவுண்டேஷன் ஆரம்பிக்கும்போதே உதட்டுக்கு பாம் வைத்துவிடுவேன். கண் முடித்து, ஜடை வைத்து, நெற்றிச்சுட்டி கட்டி முடிப்பதற்குள் ஊறிவிடும். டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, லைனரால் கோடு இழுத்து, லிப்ஸ்டிக்கை ஸ்பேட்டுலாவால் சுரண்டித் தட்டில் வைத்து, பிரஷ்ஷால் பூச வேண்டும். குப்பியை நேராக ஒரு பெண் உதட்டில் வைத்துவிட்டு அதையே அடுத்த பெண்ணுக்கும் வைக்கும் ஆட்கள் இந்தத் தொழிலில் இன்னமும் இருக்கிறார்கள். காசு கொடுக்கிறவர்கள் கவனித்துக் கேளுங்கள். ஒரு பூச்சு, ஒற்றல், மறு பூச்சு. அப்படிப் போட்டால் நாலரை மணி முகூர்த்தத்துக்கு மூன்று மணிக்குப் போட்டது ஹோமப் புகை, பாலும் பழமும், நாத்தனார் ஊட்டிவிடும் லட்டு எல்லாம் தாண்டி நிற்கும். இலைச் சாப்பாட்டில் அப்பளமும் ரசமும் வந்ததும் நடு உதட்டில் கொஞ்சம் போய்விடும். அதற்கு டச்-அப் போதும்.

வாசனை வெனிலா. சிலருக்கு அது பிடிக்காது, ஒரு மணப்பெண் கேக் சாப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே இருந்தாள். விலை இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். தினம் ஆபீஸுக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை, அதற்கு இதில் கால் பங்கு விலையில் நல்ல நிறங்கள் கிடைக்கின்றன. இதே வரிசையில் இரண்டாம் நம்பர் மங்கலான இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு. நம் நிறத்துக்கு அது சில சமயம் காய்ச்சல் வந்த உதடாகக் காட்டும். மூன்றாம் நம்பர் கத்தரிப்பூவும் பழுப்பும் கலந்தது. நாற்பதைத் தாண்டிய அம்மாக்களுக்கு, மெரூன் பட்டுக்கு, கண்ணை மூடிக்கொண்டு அதைக் கொடுக்கலாம்.

உதட்டு விஷயம் அவ்வளவுதான். இனி காசு.

மேக் 1984-ல் கனடாவின் டொரோண்டோவில் ஆரம்பித்தது. ஃபிராங்க் டொஸ்கான், ஃபிராங்க் ஏஞ்சலோ என்ற இரண்டு பேர். ஒருவர் மேக்கப் போடுகிற, புகைப்படம் எடுக்கிற ஆள். இன்னொருவர் சலூன்கள் வைத்திருந்தவர். தொழில் முழுக்க எங்களைப் போன்றவர்களோடு, அதாவது மேக்கப் ஆர்ட்டிஸ்ட், மாடல், மேடைக் கலைஞர், முடி அலங்காரம் செய்பவர்களோடு. அந்த உலகில் ஆணை நேசிக்கும் ஆண்கள் நிறைய. 1980-களிலும் 90-களின் தொடக்கத்திலும் எய்ட்ஸ் அந்த உலகத்துக்குள் புகுந்து ஒவ்வொருவராக வாரிக்கொண்டு போனது. மருந்து சரியாக இல்லாத காலம். செத்தவர்களைப் பற்றி வீட்டார்கூட வாய் திறக்காத காலம். 1994-ல் இவர்கள் ஒரு நிதியை ஆரம்பித்து, அதற்குக் காசு சேர்க்க ஒரு லிப்ஸ்டிக்கை வெளியிட்டார்கள். அதுதான் விவா கிளாம்.

நம் ஊர்க் கதையும் இதோடு ஒட்டி ஓடுகிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல், சென்னை மருத்துவக் கல்லூரியில், டாக்டர் சுனிதி சாலமனின் குழுவால். 1998-ல் சென்னையில் ஆண்களுக்கிடையே உறவு கொள்பவர்களுக்காகவும் திருநங்கைகளுக்காகவும் 'சகோதரன்' என்ற அமைப்பைத் தொடங்கிய சுனில் மேனன் யார் தெரியுமா? ஃபேஷன் ஷோக்களை வடிவமைக்கும் கலைஞர். டொரோண்டோவிலும் சென்னையிலும் இந்த வேலையைக் கையில் எடுத்தவர்கள் எங்கள் தொழிலின் பக்கத்து நாற்காலிக்காரர்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஒப்பனை அறையில் யாரும் யாரையும் பார்த்து முகம் சுளிக்க நேரமிருக்காது. அதுதான் காரணமாக இருக்கும்.

கணக்கு என்ன என்றால், இந்த வரிசை லிப்ஸ்டிக் விற்கும் விலை, வரி நீங்கலாக, நூற்றுக்கு நூறும் அந்த நிதிக்குப் போகிறது. லாபத்தில் பங்கு என்று சொல்லவில்லை, விற்பனை விலை முழுவதும். இரண்டாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அதற்குள் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கிறது, அது சுமார் 305 ரூபாய். மீதி 1,695. மெழுகு, குப்பி, அட்டைப்பெட்டி எல்லாம் கம்பெனி தலையில். இப்படியே சேர்ந்து சேர்ந்து 50 கோடி டாலருக்கு மேல் வந்திருக்கிறது. ஒரு லிப்ஸ்டிக்குக்கு இது பெரிய தொகை. இதற்கிடையில் கம்பெனி எஸ்டீ லாடர் குழுமத்தின் கைக்குப் போனது, ஏஞ்சலோ 1997-ல் இறந்துபோனார். கை மாறியும் இந்த ஒரு ஏற்பாட்டை யாரும் தொடவில்லை என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். நம் ஊரில் கடை கைமாறினால் முதலில் போவது வாசலில் வைத்த தண்ணீர்ப் பானைதான்.

ஒன்றும் புண்ணியத்துக்குச் செய்வதில்லை, அதுவும் தெரிந்ததே. தானம் என்று இந்த லிப்ஸ்டிக்கை வாங்க உள்ளே போகிறவள் கையோடு ஃபவுண்டேஷனும் பவுடரும் வாங்கிக்கொண்டு வருவாள். நான் அப்படித்தான் வந்தேன். அது தப்பு என்று சொல்ல மாட்டேன், வியாபாரி வியாபாரியாகத்தான் இருப்பார்.

ஆனால் இந்தப் பொருளில் என்னை அசத்தியது 50 கோடி இல்லை. முதல் போஸ்டர். அந்த லிப்ஸ்டிக்கின் முதல் முகமாக அவர்கள் நிறுத்தியது ரூபாலை. கறுப்பின ஆண், பெண் வேடத்தில் மேடையேறும் டிராக் கலைஞர், பொன்னிறத் தலைமுடியும் ஆளுயரக் காலுமாக. அழகுசாதன விளம்பரம் என்றால் வெள்ளைக்கார மாடல் என்றிருந்த நாட்டில், கடைக்கு வரும் குடும்பப் பெண்களின் கண்முன்னால், "எங்கள் கம்பெனியின் முகம் இவர்தான்" என்று வைத்தார்கள். அந்த ஆண்டு அமெரிக்காவில் என்ன நிலைமை என்று பாருங்கள். ராணுவத்தில் இருக்கும் தன்பாலீர்ப்பாளர் தன்னைப் பற்றி வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது அதே 1994-ல்தான். பல மாநிலங்களில் ஆணும் ஆணும் சேர்வது சட்டப்படி குற்றமாகவே இருந்தது, அங்கே உச்ச நீதிமன்றம் அதை முழுக்க நீக்கியது 2003-ல். ரூபாலுக்கு அடுத்து வந்தவர் கே.டி. லாங், தான் பெண்ணை நேசிப்பவள் என்று வெளிப்படையாகச் சொன்ன கனடாப் பாடகி. லிப்ஸ்டிக் போடும் பழக்கமே இல்லாதவரை லிப்ஸ்டிக் விளம்பரத்தில் போட்டது தனிக் குறும்பு.

விளம்பரம் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு 'புள்ளிராஜா' ஞாபகம் இருக்க வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சுவர்களிலெல்லாம் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று எழுதி வைத்தார்களே, அந்தப் பெயரை இன்று சொன்னாலும் என் வயசுக்காரர்கள் சிரிப்பார்கள். பேச்சு வந்தது, டீக்கடையில் ஆணுறை என்ற சொல்லை உரக்கச் சொல்ல முடிந்தது. கூடவே ராஜா என்று பெயர் வைத்த பாவத்துக்கு எத்தனை பேர் பள்ளிக்கூடத்தில் கிண்டல் பட்டார்கள்! நோய் உள்ளவரின் முகம் அந்த விளம்பரத்தில் ஒரு கேள்வியாக, கேலியாக நின்றது. ரூபால் போஸ்டரில், அந்த நோயின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்களில் ஒருவர் ராணியாக நின்றார். இரண்டும் எய்ட்ஸுக்காகச் செலவழித்த காசுதான். எதை யார் தலையில் வைக்கிறோம் என்பதில் அவ்வளவு வித்தியாசம் வந்துவிடுகிறது.

2008-ல் விஜய் டி.வி.யில் 'இப்படிக்கு ரோஸ்' வந்தது. ஒரு திருநங்கை நாற்காலியில் அமர்ந்து மற்றவர்களிடம் கேள்வி கேட்டார். அதற்கு முன்பு வரை நம் திரையில் அவர்களைக் கண்டால் கைதட்டிக் கேலி செய்யும் காட்சிதான் வரும். என் மாமியார் ரோஸின் புடவைக் கட்டைக் குறை சொல்லிக்கொண்டே ஒரு வாரம் விடாமல் பார்த்தார். குறை சொல்லும் அளவுக்கு ஒருவர் நமக்குச் சாதாரணமாகிவிட்டார் என்றால் பாதி வேலை முடிந்தது.

எங்கள் தொழிலுக்கு இன்னும் பக்கத்தில் வந்தது 2021 ஏப்ரலில் கேரளத்தின் பீமா நகைக்கடை எடுத்த விளம்பரம். ஆண்பிள்ளையாக வளர்ந்தவள் படிப்படியாகப் பெண்ணாகி, ஒவ்வொரு கட்டத்திலும் வீட்டார் கொடுக்கும் நகையைப் போட்டு, கடைசியில் முழு அலங்காரத்தோடு மணமகளாக வருகிறாள். நடித்தவரும் திருநங்கைதான். என்னிடம் முடி அலங்காரம் செய்யும் தங்கை ஒரு திருநங்கை. பூ வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள திருச்சியில் ஆள் கிடையாது. அந்த விளம்பரத்தை அவள் போனில் காட்டினாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், அவள் நிறுத்தி நிறுத்திப் பெரிதாக்கிப் பார்க்கிறாள். "அக்கா, ஜடையில ஊக்கு தெரியுது பாருங்க. இதை நான் பண்ணியிருந்தா இப்படி விட்டிருப்பேனா?" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "நம்மள வேலைக்குக் கூப்பிட்டிருக்கலாம்ல" என்றாள். அவளுக்கு அதுதான் பிரச்னை. திரையில் ஒருத்தி வந்தது சந்தோஷம், திரைக்குப் பின்னால் பத்துப் பேருக்கு வேலை வருமா என்பது கேள்வி.

அதே வருஷம் அக்டோபரில் டாபர் நிறுவனம் ஒரு முகப்பூச்சுக்கு விளம்பரம் எடுத்தது. மனைவி கணவனுக்காக இருக்கும் வடநாட்டு கர்வா சௌத் நோன்புக்கு இரண்டு பெண்கள், ஒருவருக்கொருவர் துணை, சல்லடை வழியாக முகம் பார்த்துக்கொள்கிறார்கள். மத்தியப் பிரதேச அமைச்சர் ஒருவர் நடவடிக்கை எடுப்பேன் என்று மிரட்ட, சில நாளில் விளம்பரத்தை எடுத்துவிட்டு மன்னிப்பும் கேட்டார்கள். பயந்ததைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருந்த, எங்கோ ஒரு ஊரில் தன் தோழியை யாரிடமும் சொல்ல முடியாமல் நேசிக்கும் பெண்ணுக்கு, அந்த விளம்பரம் வராமலே இருந்திருக்கலாம். வந்து, தப்பு என்று சொல்லித் திரும்பப் போனதுதான் கொடுமை. மேக்கின் போஸ்டருக்கு நான் மார்க் போடுவது இதை வைத்துத்தான். ரூபாலைப் போட்டுவிட்டுப் பின்வாங்கவில்லை, அடுத்ததற்குக் கே.டி. லாங்கைக் கொண்டுவந்தார்கள்.

இனி கேள்விக்குறிக்கு வருகிறேன். என் தம்பி ஆடிட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டே அவனிடம் கேட்டேன்: இந்த லிப்ஸ்டிக் காசு நம் ஊர்த் திருநங்கைகள் நடத்தும் சின்னச் சங்கத்துக்கு வந்து சேருமா? அவன் முள்ளை எடுத்து இலையோரம் வைத்துவிட்டு ஆரம்பித்தான். "அக்கா, வெளிநாட்டு நிதின்னா எஃப்.சி.ஆர்.ஏ., அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு வேணும். பதிவுக்கு மூணு வருஷம் சங்கம் நடந்திருக்கணும், அந்த மூணு வருஷத்துல பதினைஞ்சு லட்சம் செலவு பண்ணிக் காட்டணும். 2020-ல திருத்தம் வந்ததுலேருந்து டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச்லதான் அந்தக் கணக்கு. முன்னாடி ஒரு பெரிய அமைப்பு வாங்கி சின்னச் சின்ன சங்கத்துக்குப் பிரிச்சுக் கொடுக்கும், இப்ப அதுவும் கூடாது. ஆபீஸ் செலவுக்கு இருபது சதவீதம்தான்." பதினைந்து லட்சம் செலவழிக்கிற சங்கத்துக்கு நம் உதவியே எதற்கு என்று கேட்டேன். "அதைத்தான் எல்லாரும் கேக்குறாங்க" என்று ரசத்துக்குக் கை நீட்டினான்.

அதாவது வெளிநாட்டு அறக்கட்டளை கொடுக்கத் தயாராக இருந்தாலும் அந்தக் காசு பெரிய, பழைய, காகிதம் ஒழுங்காக வைத்திருக்கும் அமைப்புகளுக்குத்தான் வரும். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பதினெட்டு வயதுப் பிள்ளையை ராத்திரி பதினொரு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் போய் அழைத்து வருகிறவர்களுக்கு வராது. அது மேக்கின் குற்றம் கிடையாது. ஆனால் குப்பியை வாங்கிவிட்டு "நான் அவர்களுக்கு உதவினேன்" என்று நாம் நினைத்துக்கொண்டால் அது நம் கணக்குப் பிழை. போதாக்குறைக்கு அந்த நிதியின் நோக்கமும் விரிந்துகொண்டே போகிறது. முதலில் எய்ட்ஸ் மட்டும். பிறகு பெண்கள், சிறுமிகள், பால்புதுமையினர் (தன்பாலீர்ப்பாளர், திருநங்கை, திருநம்பி எல்லாரும்) உரிமை, சுற்றுச்சூழல் வரை. எல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் என் 1,695 ரூபாய் எந்தக் காரியத்துக்குப் போனது என்று பில்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. கொடுப்பதும் யாருக்கு என்று தீர்மானிப்பதும் அவர்கள், நாம் வாடிக்கையாளர்தான். வருமான வரிக் கழிவுக்கான 80ஜி ரசீதும் கிடைக்காது, நாம் வாங்கியது பொருள்.

நேராகக் கொடுத்தால் கிடைக்கும். 80ஜி உள்ள அமைப்பு ஒன்றைப் பார்த்து, பழைய வரி முறையில் இருப்பவர்கள் வங்கி வழியாக அனுப்பினால் கழிவு உண்டு. ரொக்கமாக இரண்டாயிரத்துக்கு மேல் கொடுத்தால் கிடையாது என்று தம்பி அழுத்திச் சொல்லச் சொன்னான். கழிவெல்லாம் வேண்டாம் என்றால் இன்னும் சுலபம். உங்கள் ஊரில் திருநங்கைகள் தையல் கடையோ இட்லிக் கடையோ வைத்திருந்தால் அங்கே வேலை கொடுங்கள், பேரம் பேசாமல் காசு கொடுங்கள். கல்கி சுப்ரமணியம் 'சகோதரி' அமைப்பின் மூலம் திருநங்கைகளை ஓவியம் வரைய வைத்து விற்கிறார், ஒரு படம் வாங்கி மாட்டலாம். முடி அலங்காரத்துக்கு என்னிடம் இருக்கும் தங்கைக்கு நான் கொடுப்பது, வேறு யாருக்குக் கொடுத்திருந்தாலும் கொடுத்திருக்கக்கூடிய அதே கூலி. சில மண்டபங்களில் "அவங்க வேண்டாமே" என்று மெல்ல வருவார்கள். அவள் இல்லையென்றால் நானும் இல்லை என்பேன். முகூர்த்த நாளில் வேறு ஆள் கிடைக்காது என்று அவர்களுக்கும் தெரியும். இந்த வாக்குவாதத்தில் நான் தோற்றதில்லை, சம்மந்தி வீட்டார் ஒரு தடவை அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டதைத் தவிர.

ஜூன் மாதம் வந்தால் பால்புதுமையினரின் அடையாளமான வானவில் எல்லாக் கம்பெனிக்கும் வந்துவிடுகிறது. சென்னையில் 2009-லிருந்து ஜூனில் பெருமிதப் பேரணி நடக்கிறது, அதை ஒட்டி ஆன்லைனில் ஏழு வண்ண டப்பாக்கள் இறங்கும். போன முறை ஒரு ஐ-ஷேடோ பெட்டி வாங்கினேன், எந்தக் கம்பெனி என்று வேண்டாம். "விற்பனையில் ஒரு பகுதி நன்கொடை" என்று பொடி எழுத்தில். எவ்வளவு பகுதி, யாருக்கு என்று மெயில் எழுதினேன். "எங்கள் மீது அக்கறை காட்டியதற்கு நன்றி" என்று பதில் வந்தது, கூடவே பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். மஞ்சள் மட்டும் நன்றாக இருந்தது, ஹல்திக்குப் பயன்பட்டது. அந்த ஒப்பீட்டில் விவா கிளாம் எவ்வளவோ மேல். 'ஒரு பகுதி'க்கும் 'முழுவதும்' என்பதற்கும் நடுவே எவ்வளவு ஒளிந்துகொள்ளலாம் என்பது அந்தப் பெட்டியை வாங்கினால் தெரியும். டப்பாவில் தொகை எழுதியிருக்க வேண்டும், நன்கொடை வாங்குபவர் பெயர் எழுதியிருக்க வேண்டும், ஜூலையிலும் கொடுக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத வானவிலை நான் இப்போது தொடுவதில்லை.

2022-ல் விவா கிளாமில் கீத் ஹாரிங் என்ற ஓவியரின் படங்களோடு ஒரு தொகுப்பு வந்தது. நியூயார்க் சுரங்க ரயில் நிலையச் சுவர்களில் சாக்பீஸால் வரைந்து பேர் வாங்கியவர், தன்பாலீர்ப்பாளர், 1990-ல் 31 வயதில் எய்ட்ஸால் இறந்தார். அவரை நினைவுகூர இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. குப்பியும் அழகு. நிறம்தான் சிவப்பு, நீலம், மஞ்சள்! மஞ்சளும் நீலமும் எடுத்துக்கொண்டு நான் எந்த மண்டபத்துக்குப் போவது? எங்கள் முடி அலங்காரத் தங்கை மட்டும் நீலத்தைப் பூசிக்கொண்டு சித்ரா பௌர்ணமிக்கு கூவாகம் போகலாமா என்று யோசித்தாள், அப்புறம் குங்குமச் சிவப்புக்கே திரும்பிவிட்டாள்.

கம்பெனியிடம் எனக்கு ஒரு கேட்பு உண்டு. ரூபாலில் ஆரம்பித்தவர்கள் பாடகிகள், நட்சத்திரங்கள் என்று எத்தனையோ பேரை நிறுத்தியாகிவிட்டது. இங்கே கடை விரித்திருக்கிறீர்கள், எங்கள் காசையும் வாங்குகிறீர்கள். சென்னைக் கடையின் கண்ணாடியில் ஒரு திருநங்கையை, ஒரு திருநம்பியை, கைகோத்து நிற்கும் இரண்டு பெண்களை, மாநிறத்திலேயே, வெளுப்பாக்காமல் நிறுத்துங்கள். தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ம் பிரிவை உச்ச நீதிமன்றம் தளர்த்திய 2018 செப்டம்பரோடு பயத்துக்கான சட்டக் காரணமும் போய்விட்டது. அந்தப் படத்துக்கு ஜடை பின்ன ஆள் வேண்டுமென்றால் என்னிடம் இருக்கிறாள்.

வாங்கப் போகிறவர்களுக்கு: மேக் பெயரில் போலி நிறைய. கடைவீதிப் பிளாட்பாரத்தில் நூற்றைம்பது ரூபாய்க்கு விவா கிளாம் என்று விற்பதில் நிதிக்கும் காசு போகாது, உதட்டுக்கும் நல்லதில்லை. வெனிலா வாசனைக்குப் பதில் மண்ணெண்ணெய் கலந்த சென்ட் வாசம் அடித்தால் அப்போதே கீழே வைத்துவிடுங்கள். ஒரிஜினலில் மூடி டக்கென்று சத்தத்தோடு பொருந்தும். முதல் நம்பர் எப்போதும் கையிருப்பில் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், முன்னாலேயே போன் செய்து கேளுங்கள், இல்லையென்றால் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே வாங்கி வையுங்கள். வாங்கி வந்து கார் டேஷ்போர்டில் மட்டும் வைக்க வேண்டாம், திருச்சி வெயிலுக்கு அரை நாளில் உருகிவிடும்.